பெயரில்லாத பொத்தான்கள்

குவாயாகில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவள் நெரெய்தா பின்காய். பதினோரு வயதில் பார்வை போனது. நானூறு உள்ளிணைப்பு எண்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த டாக்டர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கண்ணுள்ளவர்களே அவளிடம்தான் கேட்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஹிபிஹாபா என்ற ஊரிலிருக்கும் தங்கை மர்லெனேயைப் பார்க்கப் பேருந்தில் போவாள். ஒருநாள் நிலையத்தில் டிக்கெட் ஜன்னல் மூடிக் கிடந்தது. இனிமேல் எல்லாம் இணையதளத்தில்தான் என்றார் காவலாளி.

நெரெய்தாவின் கைபேசி திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். வங்கி வேலை, கடிதம், செய்தி எல்லாம் அதில்தான். ஆனால் இந்தப் பேருந்து நிறுவனத்தின் தளத்தில் அது "பொத்தான், பொத்தான், படம் நாற்பத்தேழு" என்று உளறியது. எதற்கும் பெயர் வைத்திருக்கவில்லை. தட்டுத் தடுமாறிக் கடைசிவரை போனால், மனிதர்தான் என்று நிரூபிக்கப் போக்குவரத்து விளக்கு இருக்கும் படங்களைத் தொடச் சொன்னது. அன்று கைபேசியைச் சுவரில் அடிக்காமல் இருந்ததே பெரிது.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டு உல்பியானோவிடம் வங்கி ரகசிய எண்ணைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. நல்ல மனிதர்தான். ஆனால் மர்லெனேக்கு அறுவைச் சிகிச்சை நடந்த வாரம் தேதியை மாற்றி எடுத்துவிட்டார். பேருந்து வாசலில் ஓட்டுநர் அவளை இறக்கிவிட்டார். தங்கை தனியாகவே அறுவை அரங்குக்குள் போனாள், பிழைத்தும் வந்தாள். நெரெய்தாவுக்குத்தான் அந்த நாளை விழுங்க முடியவில்லை.

இரண்டு வருடத்தில் நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள், ஒவ்வொரு பிழையையும் எண்ணிட்டு. மூன்றுக்கும் ஒரே பதில்: தங்கள் அக்கறைக்கு நன்றி.

பிறகு டிசம்பர் மூன்றாம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு அழைப்பு வந்தது. தளம் இப்போது எல்லோருக்குமானது, தொடங்கி வைக்க வாருங்கள் என்று மேலாளர் அரீசாகா எழுதியிருந்தார். போனாள். பூங்கொத்தும் புகைப்படக்காரர்களும் தயாராக இருந்தனர். தளத்தின் மூலையில் ஒரு நீல வட்டம் சேர்த்திருக்கிறார்களாம். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகுமாம்.

"எழுத்து பெருசானா எனக்கென்ன?" என்றாள் நெரெய்தா. "ஒரு டிக்கெட் எடுத்துக் காட்டுறேன். அந்த மைக்கக் குடுங்க."

கைபேசியை ஒலிவாங்கியிடம் பிடித்தாள். பொத்தான். பொத்தான். படம் நாற்பத்தேழு. தேதி கேட்ட இடத்தில் கைபேசி ஊமையானது. யாரோ சிரித்தார்கள். ஏழு நிமிடம் அவள் திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்த இயந்திரக் குரல், உங்களுக்கான நேரம் முடிந்தது என்று அரங்கம் முழுக்கச் சொன்னது.

அரீசாகா மைக்கை வாங்கப் பார்த்தார். "சின்னச் சின்னக் குறைங்க, நெரெய்தா அம்மா. சரி பண்ணிடலாம்."

"என் தங்கச்சிய அறுத்தன்னிக்கு நான் உங்க பஸ்ஸுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். அது சின்னக் குறையா? உங்க ஃபோட்டோவுக்கு ஒரு குருடி வேணும், அவ்ளோதானே. வேற ஆளப் பாருங்க."

பூங்கொத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, தடியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே ஒருவன் ஓடி வந்தான். தளத்தைக் கட்டியவர்களில் ஒருவன், எட்வின் தொமலா. இதெல்லாம் ஆரம்பத்திலேயே மேலிடத்தில் சொன்னதாகவும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர்கள் தள்ளிவிட்டதாகவும் மென்று விழுங்கிச் சொன்னான்.

"சொன்னீங்க. அப்புறம் வாய மூடிட்டு இருந்தீங்க. அப்டித்தானே?"

ஆமாம் என்று ஒப்புக்கொண்டான். அதனால்தான் அவள் நின்றாள்.

அரங்கில் நடந்தது மறுநாளே ஊர் முழுக்கப் பரவ, நிறுவனம் இறங்கி வந்து, தளத்தைச் சோதித்துத் திருத்த அவளையே கூப்பிட்டது. இலவசமாக வரமாட்டேன் என்று நெரெய்தா கறாராகச் சொன்னாள். மற்றவர்களுக்குக் கொடுக்கிற கூலியைக் கொடுத்தார்கள். வியாழக்கிழமைதோறும் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் எட்வினின் திரையை அணைத்துவிட்டு, வாசிக்கும் குரலை மட்டும் கேட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாள். நாற்பது நிமிடம் போராடி, வியர்த்து எழுந்தான். பிறகு ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வந்தது. தேதியைத் தட்டச்சு செய்ய முடிந்தது. நான்காம் வரிசை, ஜன்னலோரம், காலி என்று இருக்கைகளைக் கைபேசி வாசித்தது. படப் புதிர் ஒழிந்தது.

பிப்ரவரியில் யார் தயவும் இல்லாமல் ஆறு நிமிடத்தில் டிக்கெட் எடுத்து, ஹிபிஹாபா போய் இறங்கினாள். மர்லெனே சுடச்சுட வாழைக்காய் உருண்டையைத் தட்டில் வைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டதே, ஒரு நன்றிக் கடிதம் போட்டுவிடேன் என்றாள்.

உருண்டையைப் பிட்ட நெரெய்தா அதை அப்படியே வைத்துவிட்டாள்.

"மொத்த வேலையும் அஞ்சே வாரம், மர்லெனே. அஞ்சு வாரந்தான். அதுக்கு ரெண்டு வருஷம் என்னைய நாயா அலைய விட்டானுங்க."