வாயால் கவிழ்த்தவள்

கோவிலில் கல்யாண ஓலை வாசித்தபோதுதான் லீமாரோஸ் அந்த முழுப் பேரை முதன்முதலில் கேட்டாள். பாம்பன் மிக்கேல் மகள் ஜோதிமேரி. அண்ணன் வேதநாயகத்துக்குப் பேசியிருந்த பெண். வந்தவளுக்குப் பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. தங்கச்சிமடத்துக் கரையில் அவள் வாயை அடைக்க ஆளில்லை.

அதனால்தான் ஐம்பத்தேழில், கடற்கரைப் பேச்சை எழுத மதராஸிலிருந்து வந்த வாத்தியாருக்குப் பங்குச்சாமியார் அவளையே காட்டிவிட்டார். ஒரே காரியத்தை எத்தனை விதமாய்ச் சொல்வீர்கள் என்பதுதான் வாத்தியார் கேள்வி. தானாக நடந்ததா, ஒருவன் செய்ததா, இன்னொருவன் செய்ய வைத்ததா என்று துருவுவார். பக்கத்தில் கிழிந்த வலையைக் கட்டியபடி லீமாரோஸ் சிரிப்பாள்.

"வலை அறுந்துச்சு. வலைய அறுத்தான். ஆள விட்டு அறுக்க வச்சான்" என்றாள் ஜோதிமேரி.

"வலை அறுக்கப்பட்டது?"

"அது பேப்பர்காரன் பேச்சுய்யா. இங்கன எவளும் சொல்லமாட்டா."

மூன்றாம் நாள் வாத்தியாரின் கேள்வி வலையை விட்டு, கடலுக்குப் போகும் வள்ளத்துக்கு வந்தது. "கவிழ்வதையும் அதேபோலச் சொல்லுங்கம்மா."

ஜோதிமேரி வாயை மூடிக்கொண்டாள். ஆம்பிளைகள் கடலில் இருக்கையில் அந்தச் சொல்லை அந்தக் கரைப் பெண்கள் வாயில் எடுப்பதில்லை. வேதநாயகம் விடியலிலேயே தொழிலுக்குப் போயிருந்தான்.

"என்ன மதினி, ஊமையாயிட்டீக? அவுக வள்ளத்தையா கேக்குறாக, வார்த்தையத்தான கேக்குறாக?" என்று லீமாரோஸ்தான் சீண்டினாள்.

வீம்புக்காரி சொல்லிவிட்டாள். "வள்ளம் கவுந்துச்சு. வள்ளத்தக் கவுத்தான். கவுக்க வச்சான்." கருவாடு காயப்போட்ட இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் வாடைக்காற்று திடீரென்று ஏறியது. மறுநாள் வள்ளம் குப்புற ஒதுங்கியது. வேதநாயகம் ஒதுங்கவே இல்லை. வாத்தியார் எழவு வீட்டில் தலையைக் காட்டிவிட்டு, நோட்டோடு ரயிலேறினார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் மாமியார் ஜோதிமேரியை வாசலில் மறித்தாள்.

"ஏண்டி, எம்புள்ளைய வாயாலயே கவுத்துட்டு எங்கன நுழையிற?"

"நானா சொல்லல மாமி."

ஜோதிமேரி நாத்தனாரைப் பார்த்தாள். 'நான்தான் சொல்லச் சொன்னேன்' என்று லீமாரோஸ் ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அவளுக்கும் அதே வாசல்தான். அப்போதுதான் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். லீமாரோஸ் தலை குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு, மீன் விற்றுப் பிழைக்கலாமென்று கூடை எடுத்த ஜோதிமேரிக்குக் கரையில் எவரும் மீன் போடவில்லை. ஒரு வாரம் வெறுங்கூடையோடு நடந்தாள். எட்டாம் நாள் கூடையைக் கரையிலேயே போட்டுவிட்டு ரயிலுக்குப் போனாள்.

ஜோதிமேரி இப்போது இராமநாதபுரத்தில் ஓர் ஓட்டலில் மாவாட்டுகிறாள்.