அத்தானின் விமானக் கூரை

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் அக்கா வீட்டு வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், கறுப்பாக நீளமாக ஒரு தொட்டி கிடக்கிறது. அதில் தண்டுக்கீரை எப்போதும் தளதளவென்று நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சற்று நின்று யோசிப்பார்கள். குளிக்கிற தொட்டி என்றால் அகலம் போதாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி என்றால் இத்தனை வளைவும் நெளிவும் எதற்கு? அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளைகள் வேறு. வருடக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்தும் ஒரு விரிசல் விடவில்லை. அக்காவைக் கேட்டால் "பழைய சாமான்" என்பாள், அதோடு சரி. எனக்கு அப்படி விட மனமில்லை. அது ஒரு காலத்தில் அக்காவின் காருக்குள், முன்கண்ணாடியிலிருந்து பின் இருக்கை வரை, கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர், என் அருமை அத்தான், தம் திருக்கரங்களால் ஃபைபர் கிளாஸில் செய்தது. அவர் தொடங்கி முடித்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போது எனக்கு ஈப்போ டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அம்மா வீடு பழைய தோட்டத்துப் பக்கம், பஸ் வராத இடம். அதனால் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் கூரை ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வேலைதான். ஆனால் வீட்டுக்கு வந்தால் அவர் ஓர் இன்ஜினியர். மீன் தொட்டி கட்டுகிறேன் என்று கொல்லையில் குழி வெட்டி, குழியோடு விட்டார். சாமி மாடத்துக்கு ஓடுகிற விளக்கு மாட்டுகிறேன் என்று சுவரைத் துளைத்து, ஒயரை வெளியே தொங்கவிட்டதோடு மறந்துபோனார். கைதான் பாதியில் நிற்கும், வாய் நிற்காது. யாராவது நல்லதாக ஒன்று செய்து வைத்திருந்தால் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நான் செஞ்சிருந்தா வேற மாதிரி இருக்கும்லா" என்பார். வேறு மாதிரிதான் இருந்திருக்கும், சந்தேகமே இல்லை.

அக்கா சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வருடக்கணக்காக லைனில் நின்றவள். ஒரு நாள் சூப்பர்வைசர் வேலை தருகிறோம் என்றார்கள். விடியற்காலை ஷிஃப்ட், தொழிற்சாலை வேன் அந்த நேரத்துக்கு வராது, சொந்த வண்டி வேண்டும், முதல் சில மாதங்கள் நேரத்துக்கு வருகிறாளா என்று பார்த்துத்தான் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். அக்கா லைசென்ஸ் எடுத்தாள். தன் பெயரில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையிலேயே அத்தான் சாவியை வாங்கிக்கொண்டார். "ரெண்டு வாரம் குடு. உள்ள கொஞ்சம் அழகு பண்ணித் தாரேன், ஏரோப்ளேன் மாதிரி." கைப்பேசியில் எங்கோ ஒரு வெள்ளைக்காரன் தன் காரின் கூரைக்கு அப்படி ஒன்று செய்ததைப் பார்த்துவிட்டாராம்.

காரின் கூரைத் துணியைக் கிழித்து எடுத்தார். மெல்லிய பலகையில் சட்டம் அறுத்தார். சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி, ரெசின் என்கிற பிசினைப் பூச, நன்றாக இழுபடுகிற மெத்தென்ற துணி வேண்டும். கேமரன் மலைக்குப் போனபோது என் முதல் சம்பளத்தில் அக்காவுக்கு வாங்கி வந்த போர்வை அவர் கண்ணில் பட்டது. நான் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது என் போர்வை சட்டத்தின்மேல் ஆணியடித்து, ரெசின் குடித்து, முரசுத் தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. கேட்டதற்கு, "நல்ல துணி, சின்னவளே, சூப்பரா உறிஞ்சுது" என்று எனக்கே பாராட்டு. முதல் தடவை ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரை அதிகமாகக் கலந்து, டப்பாவே சூடேறிப் புகைந்தது. இரண்டாம் தடவை குறைவாகக் கலந்து, நாள் கணக்கில் பிசுபிசுவென்று கிடந்தது. அதற்குள் கொசுவும் ஈயும் ஒட்டிக்கொண்டன. அவற்றின்மேலேயே கண்ணாடி நார்ப் பாயை விரித்து மறுபடி பூசினார். இன்றைக்கும் அந்தத் தொட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே புந்தோங்கின் கொசுக்கள் இருக்கும்.

அப்புறம் தேய்க்கும் வேலை. பட்டி போடுவார், உப்புத்தாளால் தேய்ப்பார், கண்ணாடித் தூசி வீடெங்கும் பறக்கும். அந்தச் சட்டையை அப்படியே எங்கள் துணிகளோடு வாஷிங் மிஷினில் போட்டுவிடுவார். வீடு முழுக்க ஒரே அரிப்பு. மருந்துக் கடையில் அரிப்புக்குக் களிம்பு கேட்டு வருகிறவர்களுக்கு நான் ஒரு கையால் எடுத்துக் கொடுத்துக்கொண்டே மறு கையால் என் கழுத்தைச் சொறிந்துகொண்டிருப்பேன். அத்தானுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு தடித்த தோல்.

இரண்டு வாரம் என்றது வெகுவாக நீண்டு, அக்கா புது வேலையில் சேரவேண்டிய நாளுக்குச் சற்று முன்தான் கார் வெளியே வந்தது. கறுப்புப் பளபளப்பு, நீல விளக்கு, வரிசை வரிசையாகச் சுவிட்சுகள். நன்றாக வந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஸ்டியரிங் பக்கத்தில் சாவி போடும் துளையைக் காணோம். வண்டியைக் கிளப்புவதும் இனி மேலேதானாம். எந்தச் சுவிட்சு எதற்கு என்று ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. "பைலட்டுக்குத் தெரியும்லா," என்றார். அக்கா ஓட்டிப் பார்க்கிறேன் என்றதும் கையைத் தடுத்தார். "வரிசை மாறிச்சுன்னா ஒயரு எரிஞ்சிடும். உனக்கு மண்ட கொழம்பிடும். நானே கொண்டு விடுறேன்."

கொண்டு விட்டார். அவர் எழுந்து, குளித்து, மீசையை ஒதுக்கி, ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, நீல விளக்கை ரசித்து முடிப்பதற்குள் அக்காவின் ஷிஃப்ட் தொடங்கியிருக்கும். சாயங்காலம் அழைத்துவரப் போகும் வழியில் யாராவது நண்பன் கூரையைப் பார்க்க ஆசைப்பட்டால், அவள் தொழிற்சாலை வாசலில் நின்றே காய வேண்டியதுதான். தன் பெயரில் இருக்கிற காருக்காக அப்படி நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அக்காவோ, காலையில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவாள். அத்தான் அதில் பூரித்துப்போவார். "பாத்தியா, உங்க அக்காவுக்கே கண்ணு எடுக்க முடியல," என்று என்னிடம் பெருமையடித்தார்.

இனி ஒருமுறை தாமதமானால் பழையபடி லைனுக்குத்தான் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அத்தான் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் எங்கோ போய்க் கூரை காட்டிய களைப்பு. அக்கா எழுப்பினாள். "இருடி, வாரேன்," என்று திரும்பிப் படுத்தார். அக்கா சமையலறைக்குப் போய் மர அகப்பையை எடுத்துக்கொண்டாள். அவள் குள்ளம், தூரத்துச் சுவிட்சுகள் கைக்கு எட்டாது. நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அகப்பைக் காம்பால் ஒவ்வொன்றாக, கொஞ்சமும் தடுமாறாமல் தட்டினாள். வண்டி கிளம்பிவிட்டது. சத்தம் கேட்டு அத்தான் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏய், எரிஞ்சிடும்! எரிஞ்சிடும்லா!" அக்கா கண்ணாடியை இறக்கி, "தள்ளுங்க, நேரமாச்சு," என்றாள். ஒன்றும் எரியவில்லை, அவர் வயிற்றைத் தவிர. அன்று அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வார விடுமுறையில் நானும் அவளும் காரை ஒரு சீனப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்கார அங்கிள் அண்ணாந்து பார்த்து, இதென்ன விமானமா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். கழற்றி உள்ளே பார்த்தவர், எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டே இரண்டு சுவிட்சுகளுக்குத்தான் ஒயர் போயிருந்தது. மற்றவற்றின் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் துளையில் சொருகி வைத்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சுவிட்சுகளில் ஒன்றை உருவிப் பார்த்துவிட்டு, "சும்மா இருந்ததையும் சேத்துல்ல கழுத்து வலிக்க வலிக்க மனப்பாடம் பண்ணேன்," என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அங்கிள் பழைய இடத்திலேயே சாவித் துளையைப் பொருத்திக் கொடுத்தார். சாவியை அக்கா தன் கைப்பையில் போட்டாள். கழற்றிய கூரையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவிட்சுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குழாயடியில் செங்கல்மேல் சுவிட்சுப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மண்ணை நிரப்பினாள்.

போன வாரம் போயிருந்தேன். அக்கா இப்போது அந்தத் தொழிற்சாலையில் இன்னும் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். அத்தானுக்கு முதுகு சரியில்லை, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். யாரோ ஒரு விருந்தாளி தொட்டியைப் பார்த்துக் கேட்க, அவருக்கு உயிர் வந்துவிட்டது. "நம்ம டிசைன்லா! ஒரு கிராக் இருக்கா பாருங்க." அப்போது அக்கா யூனிஃபார்மில் வெளியே வந்தாள். "கீரயக் கிள்ளி ஆக்கி வைங்க, வந்து சாப்பிடுறேன்," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள். காரின் கூரையில் அதை மாட்டிய ஆணித் துளைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, அவள் அடைக்கவில்லை. காருக்கு இன்னொரு சாவி அலமாரியில்தான் இருக்கிறது. கேட்டால் கொடுப்பாள். இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, எங்கே போவதானாலும் பஸ்ஸில்தான் போய் வருகிறார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். வரவில்லை. விருந்தாளி போனதும் அவர் குனிந்து கீரையைக் கிள்ளினார், பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சுவிட்சுத் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது.