டியூப் சுற்றிய கத்தி

தி.நகர் கடையில் மகன் ஒரு மடக்குக் கத்தியை எடுத்துக் காட்டினான். கைப்பிடியில் கறுப்பு ரப்பர். சைக்கிள் டியூப் வாசனை அடித்தது. நான் வளர்ந்த பட்டினப்பாக்கம் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா கடலுக்குப் போகிறவர். ஒருமுறை ஈரக் கையில் மடக்குக் கத்தி வழுக்கி விரலைக் கிழித்தது. அம்மா பழைய டியூபை நாடாவாக வெட்டி, கைப்பிடியில் இறுக்கிச் சுற்றினாள். அலகு மடங்குகிற பள்ளத்தையும் சேர்த்துச் சுற்றிவிட்டாள். கத்தி அதன்பின் மடங்கவில்லை.

"மடங்காட்டி இன்னாமே, வழுக்காம கீது இல்ல" என்று அப்பா அதைத் திறந்தபடியே இடுப்பில் செருகிக்கொண்டார்.

கரையில் ஒரு போலீஸ்காரர் பிடித்தார்.

"எவனைக் குத்தறதுக்குடா புடி சுத்தி வச்சிக்கினு போற?"

"வலை அறுக்கறதுக்கு சார். செதிலு ஒட்டிக்கினு கீது பாருங்க."

மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தாள். "நான் சுத்தனது சார். என்னை இட்டுக்கினு போ."

அவர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அப்பாவைக் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனார்.

மறுநாள் கடலில், தண்ணீருக்குள் சுழலும் படகு இஞ்சின் விசிறியில் வலை சிக்கியது. வேறு கத்தி இல்லை. அப்பா நைலானைப் பல்லால் கடித்து அறுத்தார். வாயெல்லாம் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார்.

அறைந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைத்தான் தெருவே ரவுடி என்றது, சாகிறவரைக்கும்.