கண்ணில்லாத மூன்று நண்டுகள்

யுத்த காலத்தில் நான் விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். நண்டு ஓடு கழற்றுவதைத் தடுக்கும் ஹார்மோன் அதன் கண் காம்பில் ஊறுகிறது என்று நிரூபிக்க நினைத்தேன். சாந்தோம் குப்பத்து மீன்காரி ஒருத்தியிடம் ஆறு நண்டு வாங்கி, மூன்றின் காம்புகளைக் கண்ணோடு வெட்டினேன். ஒப்பிடுவதற்காக ஆறையும் ஒரே தொட்டியில் விட்டேன்.

"தனித்தனியா வுடு நைனா," என்றாள் நண்டைக் கொண்டுவந்த மீன்காரி. இவளுக்கென்ன தெரியும் என்று சிரித்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு காலையில் வெட்டிய மூன்றும் ஓடு கழற்றியிருந்தன. என் எண்ணம் சரிதான். ஆனால் மெத்தென்று கிடந்த அவற்றை மற்றவை உயிரோடு பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன.

கூடையோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள். "ஓடு கயட்டுனா பொந்துல பூந்துக்கும். நீ கண்ணையும் எடுத்துட்டே, ஒளிய எடமும் குடுக்கலியே."

ஆய்வேட்டில் 'மூன்றும் ஓடு கழற்றின' என்று மட்டும் எழுதினேன். பட்டம் கிடைத்தது. அப்புறம் அவை என்னவாயின என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.