முதுகுக்குப் பின்னால டிரங்க் பெட்டி வச்ச படகு

லாரி டியூபை வெட்டும்போது ஒரு வாசம் வருமே… அதோட ஈயம் உருகுற புகையும் சேர்ந்துட்டா எனக்கு இன்னைக்கும் தாராவிதான். அறுபத்தி நாலோ அஞ்சோ. கல்யாணம் ஆகி வந்து ரெண்டாவது மழை முடிஞ்சிருந்துச்சு.

எங்க வீட்டுக்காரங்களும் அவங்க தம்பி சுடலையும் காதர் பாய் பட்டறையில டிரங்க் பெட்டி செஞ்சாங்க. ஆறு நாளும் தகரத்துல சுத்தியல் சத்தம். வீட்டுக்கு வந்தும் கத்திக் கத்தித்தான் பேசுவாங்க, காது அப்படி.

ஞாயித்துக்கிழமை மட்டும் எங்க வீட்டுக்காரங்க மாஹிம் காடிக்குத் தூண்டில் போடப் போவாங்க. கடல்தண்ணி உள்ள ஏறி வார இடம், அங்க ஒரு சத்தமும் கிடையாது. திரும்பி வந்தா மெதுவாப் பேசுவாங்க. எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை மனுசனைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

அதுக்காகவே அண்ணனும் தம்பியும் தகரத்துல ஒரு படகு செஞ்சாங்க. ஒல்லிப் படகு. ஒரு ஆள் கால் நீட்டி உக்காரலாம், அவ்வளவுதான். முங்காம இருக்க ரெண்டு கடைசியிலயும் காலி எண்ணெய் டின்னை அடைச்சு ஈயத்தால பத்தவச்சிருந்தாங்க. தகரம் பாய் குடுத்தது. "செஞ்சு பாருங்கப்பா"ன்னார்.

ஆனா டிரங்க் பெட்டி செஞ்ச கை சும்மா இருக்குமா… உக்காருற இடத்துக்குப் பின்னால ஒரு டிரங்க் பெட்டியையே பத்தவச்சுட்டாங்க! கொண்டி, கைப்பிடி, மூடியில பூப்படம் வேற. கத்தி, தூண்டில் முள்ளு, இரை டப்பா எல்லாம் அதுக்குள்ள.

முள்ளு எடுக்கத் திரும்பினா படகு கவுந்துரும்.

முத ஞாயிறு கத்தி போச்சு. மறு ஞாயிறு தூண்டில் கம்பு. மூணாவது ஞாயிறு பாயோட புதுக் கட்டிங் பிளேயர்.

பாய் திட்டல. "பெட்டிக்கு ஆர்டர் நிக்குது தம்பி. படகு சரியா வரலைன்னா தகரத்தைத் திருப்பிக் குடுத்துரு"ன்னார். எங்க வீட்டுக்காரங்க ரோசக்காரங்க. "வார ஞாயிறு ஒரு சாமான் தண்ணியில போனாலும் படகை நானே வெட்டித் தாரேன் பாய்"னு பட்டறையில எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டு வந்துட்டாங்க.

படகு போனா என் ஞாயித்துக்கிழமையும் போயிருமே…

சோறு வடிக்க உக்காந்தப்பதான் விளங்கிச்சு. எங்க ரூமு பத்துக்குப் பத்து. ஸ்டவ் முன்னால உக்காந்தா நான் எந்திரிக்கவே மாட்டேன். உப்பு வலது கைக்கு, அகப்பை ஆணியில, எண்ணெய்த் தூக்கு தலைக்கு மேல கயித்துல. கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன். முதுகுக்குப் பின்னால மட்டும் எதுவும் வைக்க மாட்டேன்.

கோலப்பொடியை எடுத்து தரையில படகை வரைஞ்சேன். ரூமுக்குள்ள அடங்கல, முனை வாசலைத் தாண்டிருச்சு.

"அத்தான், இதுல உக்காருங்க."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

உக்காந்தாங்க. கால் ரெண்டும் சந்துல நீட்டிக்கிட்டு நிக்குது. மீன் கூடையோட போன மராட்டி மீன்காரம்மா, கோளி மௌசி, நின்னு பார்த்து, "க்யா அண்ணா, கர் மே பானி ஆயா க்யா?"ன்னு வீட்டுக்குள்ள வெள்ளமான்னு கேட்டுட்டுப் போனா.

"கண்ணை மூடிக்கிட்டு கத்தியை எடுங்க"ன்னேன். கை போன இடத்துல ஒரு புள்ளி. முள்ளுக்கு ஒரு புள்ளி, டப்பாவுக்கு ஒண்ணு…

மறுநாளே டிரங்கைப் பிரிச்சு எடுத்தாச்சு. லாரி டியூபை ரிப்பன் மாதிரி வெட்டி முழங்காலுக்கு முன்னால குறுக்க இழுத்துக் கட்டினோம். புதுசா வாங்கின கத்தியும் பாய் நம்பிக் குடுத்த வேற பிளேயரும் அதுல இறுக்கமா சொருகி நின்னுச்சு. தூண்டில் கம்புக்கு ஒரு சாண் பைப்பு, சாய்ச்சுப் பத்தவச்சது. இரைக்கு வனஸ்பதி டப்பா. மீனுக்குக் காலுக்கு நடுவுல ஈரச் சாக்கு. அதுக்கு மேல, ஒவ்வொரு சாமானையும் என் பழைய பாவாடை நாடாவால படகோட முடிச்சுப் போட்டேன்.

சுடலைக்குச் சிரிப்புத் தாங்கல. "என்ன மைனி, படகுக்குப் பாவாடை கட்டி விடுதிய? அண்ணன் மீன் பிடிக்கப் போறானா, பொண்ணு பாக்கப் போறானா?"

"நாடா அவுந்தா அப்ப வந்து சிரிங்க கொழுந்தனாரே."

ஞாயித்துக்கிழமை காடிக் கரையில பட்டறையே நின்னுச்சு. பாயும் வந்திருந்தார். இவங்க தூண்டிலைப் போட்டு உக்காந்த கொஞ்ச நேரத்துல மணல் படகு ஒண்ணு உரசுற மாதிரி போச்சு பாருங்க… அலை வந்து ஒரே புரட்டு.

நான் சேலையைத் தூக்கிக்கிட்டு தண்ணிக்குள்ள இறங்கிட்டேன்.

கழுத்தளவுத் தண்ணிதான். இவங்க எந்திரிச்சு படகை நிமித்தினாங்க. சுத்திலும் நாடா தொங்குது. ஒண்ணைப் பிடிச்சு இழுத்து மேல தூக்கிக் காட்டினாங்க.

"கத்தி!"

முதல்ல குரல் குடுத்தது காதர் பாய்தான். "இருக்கு!"

"பிளேயர்!"

"இருக்கு!" பட்டறையே கத்துது.

"டப்பா! கம்பு!"

"இருக்கு! இருக்கு!" மௌசி வேற கூடையைத் தட்டி அவ பாசையில "ஹை! ஹை!"ங்கிறா.

கரைக்கு இழுத்துத் தண்ணியைக் கொட்டிட்டு திரும்பவும் போனாங்க. மத்தியானம் சாக்குல ஒரு கொடுவா மீன் வந்துச்சு… என் கை நீளம்! பாதி பாய் வீட்டுக்கு. "தகரம் படகாவே கிடக்கட்டும் தம்பி"ன்னார். சுடலை தட்டோட வந்து உக்காந்து, குழம்பை ஊத்தினப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "நாடா நல்ல நாடாதான் மைனி"ன்னான்.

அந்தக் காடிப் பக்கம் இப்ப மூக்கைப் பிடிக்காம நிக்க முடியாது. அவங்களும் போய்ச் சேர்ந்து வருசமாச்சு. நான் தாணேயில மக வீட்டுல, பதிமூணாவது மாடி. பூப்படம் போட்ட அந்த டிரங்க் என் கட்டிலுக்கு அடியில கிடக்கு.

போன மாசம் பேத்தி கயாக்குன்னு ஒரு ஒல்லிப் பிளாஸ்டிக் படகு வாங்கினா, மீன் பிடிக்க. கம்பு சொருக ராட் ஹோல்டராம், இறுக்கிக் கட்ட பங்கி கார்டாம், நாடாவுக்குப் பதிலா லீஷாம்… போட்டோவுல பார்த்தேன், எல்லாம் முழங்காலுக்கு முன்னால! நான் சொல்லியா தெரியணும்? தாத்தா மடியில படுத்து இந்தக் கதையை நூறு தடவை கேட்டவளாச்சே.

நேத்து வீடியோ அனுப்பியிருந்தா. கவுந்துட்டா. ஆரஞ்சு ஜாக்கெட்டோட மேல வாரா, முடியெல்லாம் முகத்துல ஒட்டியிருக்கு. இருமிக்கிட்டே லீஷைப் பிடிச்சு இழுத்து ஒரு கையைத் தூக்கினா.

"ஆச்சி… கத்தி!"

ஹால்ல நான் மட்டும்தான் இருந்தேன். இருந்தாலும் பக்கத்து பிளாட் வரைக்கும் கேக்குற மாதிரி கத்தினேன்.

"இருக்கு!"