பச்சைப் புள்ளி காணாமல் போன திங்கட்கிழமை

அந்த லேபிள் அச்சகத்தில் அவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தட்டச்சு செய்ய வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. வந்த மூன்றாம் மாதம் பிரிண்டர் மக்கர் பண்ணியபோது, மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்க் கழன்ற ஒயரைச் செருகினாள். அன்றிலிருந்து எது ஓடாவிட்டாலும் அவள் தலையில்தான் விடிந்தது. தலையில் விடிந்ததையே பிறகு ஒழுங்காகப் படித்து வேலையாக்கிக்கொண்டாள்.

மாடியில் டிசைனர்கள்; அவர்களுக்கு ஆறு மேக் கணினிகள். கீழே அலுவலகமும் பிழை திருத்துபவர்களும் விண்டோஸில். பின்கட்டில் அச்சுத் தகடு எடுக்கும் யந்திரம். அதனோடு வந்த கணினியில் லினக்ஸ். ஒரே வீட்டில் மூன்று மருமகள்கள் தனித்தனி அடுப்பு வைத்தது மாதிரிதான். கோப்புகள் பென் டிரைவில் படியேறி இறங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் ஒரே இடத்துல எடுக்கிற மாதிரி ஒரு சர்வர் பாரும்மா" என்றார் முதலாளி. "என் மச்சான் ஒரு பெட்டி தரேங்கறான். நீ என்னமோ பழைய கம்ப்யூட்டர்லயே பண்ணலாம்ங்கற. ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு மாசக் கடைசியில சொல்லு. சரிப்பட்டு வரலைன்னா மொத்தக் கம்ப்யூட்டரையும் அவன் கம்பெனியே பாத்துக்கட்டும்."

அந்த 'மொத்த'த்துக்குள் தன் நாற்காலியும் அடக்கம் என்பது அவளுக்குப் புரிந்தது.

இரண்டையும் அவள் நியாயமாகவே சோதித்தாள். ஒரே கோப்புறை, அதே முந்நூறு லேபிள்கள். மச்சான் பெட்டியில் ஏற நான்கு நிமிடம், அவள் பெட்டியில் பதினொன்று. மேக்கில் போட்டது விண்டோஸில் திறந்தது, லினக்ஸிலும் திறந்தது. சொந்தக் கையால் கட்டிய பெட்டி என்பதற்காக அவள் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. வியாழக்கிழமை மச்சான் பெட்டியே நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். டிசைனர்கள் நடப்பு வேலை முழுவதையும் அன்றே அதில் ஏற்றினார்கள்.

"விட்டது சனி" என்றான் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் அவள் கணவன். "நானும் வேகமா இறைக்கிற மோட்டாரைத்தான் மாட்டச் சொல்லுவேன்."

திங்கட்கிழமை காலை தகட்டுக்காரர் மாடியிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்தார். வெறுங்கை என்றால் நிஜமாகவே வெறுங்கை. தினமும் எட்டு மணிக்கு மாடிக்குப் போய், மேக் திரையில் எந்தெந்தக் கோப்புக்குப் பச்சைப் புள்ளி இருக்கிறது என்று பார்த்து, எண்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவது அவர் வழக்கம். திருத்தம் முடிந்த லேபிளுக்குத்தான் டிசைனர்கள் பச்சை வைப்பார்கள். பச்சை இல்லாமல் தகடு கிடையாது.

"ஒண்ணுல கூடப் பச்சை இல்ல, ஒயரக்கா. எல்லாம் மொட்டையா நிக்குது."

டிசைனர்கள் பதறி, ஞாபகத்திலிருந்து திரும்பப் பச்சை வைத்தார்கள். அதில் ஒன்று திருத்துபவர் மேஜையை விட்டு இன்னும் எழுந்திராத லேபிள். தகடாகவே வந்துவிட்டது. பிறகு குப்பைக்குப் போனது.

அவள் கீழே வந்து, சனிக்கிழமை அலுவலகத்தில் இருந்த எழுத்தரிடம் உட்கார்ந்தாள். விசைப்பலகையைத் தினம் இரண்டு தடவை துணியால் துடைப்பவர். துடைப்பம் என்ற பட்டப்பெயர் அவருக்கே தெரியும்.

"சார், சனிக்கிழமை சர்வர்ல எதையாவது தொட்டீங்களா?"

"தொட்டேனாவா? பெருக்கியே வச்சேன். யாராவது ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னீங்களா?"

"எதைப் பெருக்கினீங்க?"

"குப்பையைத்தான். ஒவ்வொரு லேபிளுக்குப் பக்கத்துலயும் ஒரு குட்டிக் கோப்பு, முன்னாடி ஒரு புள்ளியும் கோடும் போட்டு. தொறந்தா ஒண்ணும் இல்ல. வைரஸோ என்னவோன்னு அத்தனையும் அழிச்சுட்டேன். நானூத்திப் பன்னெண்டு!"

அவளுக்கு விளங்கிவிட்டது. மேக் அந்த நிறத்தைக் கோப்பின் முதுகில் ஒட்டி வைக்கும். முதுகு கொடுக்காத சர்வராக இருந்தால், பக்கத்திலேயே ஒரு குட்டிக் கோப்பில் எழுதிவிடும். மாடியில் இருப்பவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. கீழே இருப்பவர்களுக்கு மட்டும் குப்பையாகத் தெரியும். கோப்பு திறக்கிறதா என்றுதான் அவள் சோதித்திருந்தாள். தகட்டுக்காரரின் உள்ளங்கையை அவள் பார்த்ததே இல்லை.

மச்சானுக்குப் போன் போட்டாள். நிறத்தைக் கோப்போடு சேர்த்து வைக்க அந்தப் பெட்டியில் வழி உண்டா?

"நிறமா? ஒயரக்கா, நான் வித்தது சர்வர், சாயப்பட்டறை இல்ல."

எழுத்தரிடம் இனிமேல் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும். கொடுத்த கடிதம் அப்படியே நிற்கும், நாற்காலியும் நிற்கும். மதியம் வரைக்கும் அவளுக்கு அந்த யோசனை இருந்தது. ஆனால் கீழே இருப்பது ஒரு துடைப்பம் மட்டும் இல்லையே, ஒன்பது பேர்; நாளைக்கு இன்னொருவர் பெருக்கலாம்.

தன் பெட்டியில் நிறத்தைக் கோப்போடு சேர்த்து வைக்கும்படி இரண்டு வரி மாற்றினாள். இரண்டு நாள் மாடியில் பச்சை வைக்கச் சொல்லி, கீழே திறந்து சேமிக்கச் சொல்லி, பின்கட்டில் எடுக்கச் சொல்லிப் பார்த்தாள். பச்சை அசையவில்லை. பதினொரு நிமிடமும் அசையவில்லை.

புதன்கிழமை முதலாளி இரண்டாவது கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தது?"

"தப்புங்க. வேகத்தை மட்டும் பாத்துட்டேன்."

"நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காதுங்க. அப்பப்ப ஒரு தகடு குப்பைக்குப் போயிட்டிருக்கும்."

அவர் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மச்சான்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா வீட்ல எனக்குச் சாப்பாடு கிடைக்காது."

"மத்த கம்ப்யூட்டரெல்லாம்...?"

"நீதான் பாக்கணும். அவன் வந்தா எதையாவது வித்துட்டுப் போவான்."

பழைய பெட்டி மாடிப்படிக்குக் கீழே இடம் பிடித்தது. மந்தம் என்று மாடியில் முணுமுணுத்தார்கள். அவள் மறுக்கவில்லை. மந்தம்தான்.

சனிக்கிழமை எழுத்தர் சர்வரைத் திறந்து, மேலும் கீழுமாக ஒரு தரம் பார்த்தார்.

"என்னம்மா இது, பெருக்க ஒரு தூசு கூட இல்லையே?"

"மாடிப்படிக்குக் கீழ நிறைய இருக்கு சார்" என்றாள். "ஒயரை மட்டும் இழுத்துடாதீங்க."