நூற்றிருபது கப்பல்களும் ரிஸ்வானும்

கீக்... கீக்... என்று யூ.பி.எஸ் கத்துகிற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கரண்ட் போய்விட்டது, இன்னும் பத்து நிமிடம்தான், அதற்குள் கேமை சேவ் பண்ணு என்று அர்த்தம்.

கண்டி டவுனில், ஒடுக்கமான படியேறிப் போகிற ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடை. என் முதல் வேலை. நான் அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் வருவேன். ரிஸ்வான் கம்பளையிலிருந்து ட்ரெயினில். வேலை செய்ய நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மேசை, ஒரே ஸ்க்ரூ டிரைவர் செட்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பழைய கொம்பியூட்டரில் ஒரு விண்வெளிப் போர் கேம் ஆடுவோம். ஒரே படை, இரண்டு தளபதிகள்... ஒரு நாள் நான், மறுநாள் அவன். எங்கே விட்டோம், யாரை அடிக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைத்துவிடுவோம்.

எங்கள் சண்டையெல்லாம் அந்த கேமில் இருந்த ஒரு லிமிட்டால்தான். படைக்கு மொத்தம் நூற்றிருபது கப்பல். பெரிய போர்க்கப்பலும் கணக்கில் ஒன்றுதான், ஆரம்பத்தில் கொடுக்கிற பத்து தம்மாத்துண்டு உளவுக்கப்பல்களில் ஒவ்வொன்றும் கணக்கில் ஒன்றுதான். நூற்றிருபது நிரம்பிவிட்டால், பழையதைக் கலைத்தால்தான் புதியது கட்டலாம்.

ரிஸ்வான் அந்தப் பத்து உளவுக்கப்பல்களைக் கலைக்க விடவே மாட்டான்.

"அதுகள் மொத நாள்லேந்து நம்மளோட ஈக்கிதுடா. கெடந்துட்டுப் போகட்டும்."

"ஒன்னுக்கும் உதவாது மச்சான். எடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது."

கப்பலுக்குப் பாவம் பார்க்கிற ஒருத்தனை நான் அதுவரை கண்டதில்லை. எரிச்சலாக வரும்.

ஒரு நாள் ட்ரெயின் லேட், பகல் சாப்பாட்டு நேரமாகியும் ரிஸ்வான் வரவில்லை. அன்று அவன் முறை... நான் உட்கார்ந்தேன். பத்தையும் கலைத்துவிட்டுப் பெரிய கப்பல்களைக் கட்டப் போட்டேன். அவன் வந்து திரையைப் பார்த்தான்.

"எனக்கு ஒரு வார்த்த செல்லாமலே எடுத்துட்டியாடா?"

அவ்வளவுதான் கேட்டான். பிறகு சோற்றுப் பார்சலைப் பிரித்து, மாசிச் சம்பலில் பாதியை வழக்கம்போல என் பக்கம் தள்ளினான்.

அதற்குப் பிறகு நாடே படுத்துவிட்ட காலம்... கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, பாகங்கள் வரவில்லை. திருத்தக் கொண்டு வருகிறவர்களும் குறைந்து போனார்கள். ஒரு நாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேர வச்சிக்க முடியாது தம்பி. யார நிப்பாட்டுறதுன்னு எனக்கு வெளங்கல. நீங்களே சொல்லுங்க, யாரு போனா பரவால்ல?"

நான் யோசிக்கக்கூட இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

"ரிஸ்வான் தூரத்துல இருந்து வாரான் சேர். அடிக்கடி லேட்டாவுது" என்றேன்.

சொன்னது பொய் இல்லை. ஆனால் நான் இரண்டு நாள் போராடுகிற கோளாறை அவன் அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்பான். அதை நான் சொல்லவில்லை. எனக்கும் வீட்டில் கஷ்டம்தான்... அவனுக்கும் அதே கஷ்டம்தான்.

கடைசி நாள், படியில் இறங்கும்போது ரிஸ்வான் என் தோளில் கை போட்டான்.

"மொதலாளி சென்னாரு, எனக்காக நீ எவ்வளவோ பேசினியாம். மறக்க மாட்டேன் மச்சான்."

அவன் மனம் நோகக் கூடாதென்று முதலாளி சொன்ன பொய். நான் மறுக்கவில்லை. "பரவால்ல மச்சான்" என்றேன். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ...

ஆறு மாதத்தில் கடையையே மூடிவிட்டார்கள். நானும் வேறு வேலைக்குப் போனேன்.

போன கிழமை அந்த கேமின் புதிய பதிப்பை லெப்டொப்பில் போட்டேன். இப்போது லிமிட்டே கிடையாது. எத்தனை கப்பல் வேண்டுமானாலும் கட்டலாம், எதையும் கலைக்க வேண்டாம். அரை மணி நேரம் ஆடிவிட்டு மூடிவிட்டேன். கூட இருந்து சண்டை பிடிக்க ஆளில்லை.

ரிஸ்வான் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். என் பிறந்தநாளுக்கு வருடா வருடம் வொய்ஸ் மெசேஜ் போடுவான். "அன்னிக்கு நீ பேசினத இன்னும் மறக்கல்லடா" என்றுதான் முடிப்பான். நான் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

பேஸ்புக்கில் நான் எதைப் போட்டாலும் முதல் லைக் அவனுடையதுதான். இதையும் வாசிப்பான்.

ரிஸ்வான்... அன்று நான் உனக்காகப் பேசவில்லை. உன் பெயரைச் சொன்னதே நான்தான்.